கிருஷ்ணருக்கு அண்ணன்

பம்பாய் போகிற ரயில் ஒன்று வழியில் கவிழ்ந்துவிட்டதாகக் காலையில் ரேடியோவில் சொன்னார்கள். தறிச் சத்தத்தில் எந்த ரயில் என்பது மட்டும் காதில் விழவில்லை. என் வீட்டுக்காரர் பட்டுப் புடவைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு பம்பாய்க்குத்தான் ரயில் ஏறியிருந்தார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் வழக்கமாகத் தங்கும் லாட்ஜில் இருப்பார். அங்கே இல்லையென்றால் என்ன என்பதை நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

லாட்ஜ் நம்பர் வீட்டில் இருந்தது. டெலிபோன் பட்டு முதலாளி பச்சையப்பன் கடையில் இருந்தது. பம்பாய்க்காரனோடு பேச இங்கிலீஷ்தான் இல்லை. எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த அமலி டீச்சரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பெரணமல்லூர்ப் பெண். ஸ்கூலில் இங்கிலீஷ் எடுக்கிறாள்.

டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்துக் கிடந்தோம். நான் டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ கூடவே கொண்டுவந்த பரீட்சைப் பேப்பரை எடுத்துச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கி எறியலாமா என்று வந்தது.

"லாட்ஜுக்காரன்கிட்ட இன்னான்னு கேக்கப் போறீங்க டீச்சர்?"

"'அவரு இருக்காரா'ன்னு நேராக் கேட்டா மரியாதை இல்லக்கா. 'அவரு இருக்காரான்னு சொல்ல முடியுமா'ன்னு சுத்திக் கேக்கணும். இங்கிலீஷ்ல அதான் மரியாதை. இந்தப் பேப்பர் பூரா அதான்." பேப்பரைக் காட்டினாள். "நேர்க் கேள்வின்னா 'ஈஸ்' முன்னாடி வரும், பேரு பின்னாடி. சுத்திக் கேட்டா பேரு முன்னாடி வந்துடும். பசங்க அத மாத்தி மாத்தி எழுதிக்கினு எனக்கு ஒரே பேஜாரு."

நானும் எட்டாவது வரை படித்தவள்தான். 'ஈஸ்' எங்கே நின்றால் எனக்கென்ன, ஆள் இருந்தால் போதும் என்றிருந்தது.

"சரிக்கா, அவரு பேரு என்ன?"

கல்யாணம் ஆனதிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. பெண்டாட்டி வாயால் பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று மாமியார் சொல்லி வைத்திருந்தார். ரேஷன் கடையில்கூட ஜாடையாகத்தான் சொல்வேன். போயும் போயும் இன்றைக்கா அதைச் சொல்வேன்?

"கிருஷ்ணருக்கு..." என்று ஆரம்பித்தேன். டெலிபோன் அடித்தது. "அண்ணன்" என்றதை மணி விழுங்கிவிட்டது.

அமலி பாய்ந்து எடுத்தாள். அவள் கத்திய வேகத்தில் 'ப்ளீஸ்' மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. பிறகு அவள் முகம் வாடியது.

"நோன்னுட்டான்க்கா."

"எது நோ? சொல்ல முடியாதா, ஆளே இல்லியா?"

"இருங்க, இன்னும் மரியாதையா ஒரு வாட்டி கேக்கறேன்." இந்த முறை நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். "குட் யூ ப்ளீஸ் டெல் மீ வெதர் மிஸ்டர் கிருஷ்ணன் ஈஸ்..."

வந்ததே எனக்குக் கோபம். அவள்மேலா, மணிமேலா, என் வாய்மேலா, தெரியாது.

"கிருஷ்ணர் இல்ல டீச்சர், அவரோட அண்ணன்!"

"கிருஷ்ணருக்கு அண்ணன் இருக்காரா?" என்றாள் பாவம், மாதா கோயில் பெண்.

ரிசீவரைப் பிடுங்கினேன். மாமியார் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஆயுசு குறைவதற்கு முதலில் ஆள் இருக்க வேண்டுமே. 'ஈஸ்' என்பதை முன்னால் போட்டேன்.

"ஈஸ் பலராமன் தேர்?"

உள்ளே நடந்துகொண்டிருந்த வியாபாரம் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஒருவன், "எஸ், எஸ், பலராமன், வெயிட்" என்றான். நாற்காலி இழுபட்டது. யாரோ இருமிக்கொண்டே வந்தார்கள். எத்தனையோ ராத்திரி என் தூக்கத்தைக் கெடுத்த இருமல் அது. கேட்டதும் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அலோ, யாருங்க?"

"நான்தான். ரயிலு கவுந்துடுச்சாமே."

"அது வேற ரயிலு குணா. நான் நேத்தே வந்துட்டேன். சாப்ட்டுகினு இருந்தேன். ஆமா, யாரோ ஒரு பொம்பள இங்கிலீஷ்ல என் பேரச் சொல்லிக் கத்துதுன்றான் மேனேஜரு. யாரது, டீச்சரா?"

"நான்தான்" என்றேன்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.

பச்சையப்பன் விரித்த புடவையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். அமலி பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மொதல்ல வூடு வந்து சேருங்க, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அழுதேன்.