சீரல்ல, பங்கு

"கையெழுத்தப் போட்டுரு அம்மணி. கேஸு இன்னைக்கே முடிஞ்சுபோயிரும்" என்று கோர்ட்டு வாசலில் பூவாத்தாளின் வக்கீலே சமரசத்துக்கான ராஜிப் பத்திரத்தை நீட்டினார். அதன்படி, அப்பன் விட்டுப்போன தோட்டம் முழுக்க அண்ணன் குமாரசாமிக்கு. அவளுக்கு ஆயுசுள்ளவரை பொங்கல் சீர்.

"போடலீன்னா?"

"சாட்சி, விசாரணைன்னு வருசக்கணக்கா இழுக்கும்."

புருஷன் செத்தபின் சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்து ஓரமாக ஓர் ஊடு கட்டிக்கொள்கிறேன் என்று கேட்கப் போனபோது, அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, "ஒரம்பரையா வா, கறிச்சோறு ஆக்கிப் போடறோம். காடு தோட்டம்னு கேக்காத" என்றான். அந்தத் தோட்டத்துக் கிணறு வெட்டுகையில் அப்பனோடு மண் சுமந்தவள் அவள். தான் எப்போது விருந்தாளி ஆனோம் என்று வழியெல்லாம் யோசித்தவள், மறுவாரமே கோயமுத்தூர் வந்து வழக்குப் போட்டாள். அது தொண்ணூற்று மூன்றில்.

பத்திரத்தை மடித்து வக்கீலிடமே கொடுத்தாள். "சீரு குடுக்கறது அவிய இஷ்டமுங்க. பங்கு அப்படியில்லீங்க. இழுக்கட்டும், நானும் இழுக்கறேன்."

உள்ளே, வழக்குக் கட்டைப் புரட்டிய நீதிபதி குமாரசாமியை முன்னால் கூப்பிட்டார்.

"தோட்டம் யார் வாங்கினது?"

"எங்கப்பனுங்க. சொந்தச் சம்பாத்தியமுங்க."

"உயில்?"

"இல்லீங்க."

"அவருக்கு நீங்க ரெண்டு பேர்தான் வாரிசா?"

குமாரசாமி அன்றைக்கு முதல்முறையாகத் தங்கையைப் பார்த்தான். "ஆமாங்க சாமி. ஆனா கட்டிக்குடுக்கறப்பவே நகைநட்டெல்லாம் செஞ்சுபோட்டமுங்க."

"பங்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்தாங்களா?"

"பொம்பளப்புள்ளகிட்டப் போயி யாருங்க எழுதி வாங்குவா?"

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்புறம் சாட்சியைக் கூப்பிட்டு எதை விசாரிக்க?"

கையெழுத்துக் கேட்ட அதே வக்கீல் துள்ளி எழுந்து, ஒப்புக்கொண்டதை வைத்தே தீர்ப்புச் சொல்லும்படி கேட்டார். விசாரணையே இல்லாமல், தோட்டத்தில் பாதி பூவாத்தாளுக்கு என்று தீர்ப்பானது.

வெளியே வேப்பமரத்தடியில் குமாரசாமி வழிமறித்தான். "இன்னியோட ஒறவு அத்துப்போச்சு."

"நான் அறுக்கலீங்கண்ணா. அளக்கறதுக்கு ஆள் கூட்டிட்டு வாரேன். ஊட்டுல இருங்க."

சோமனூர் வழியாக ஊருக்கு அந்த நேரத்தில் ஒரே பஸ்தான். அவள் பக்கத்தில் மட்டுமே இடமிருந்தது. கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் உட்காரவில்லை. பீளமேடு தாண்டி பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்தபோது, தடுமாறிய அவன் கை அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பற்றியது. அவள் திரும்பவில்லை, நகரவும் இல்லை. நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.