யாருக்கும் பங்கில்லாத போர்வெல்

பாகம் பிரித்த அன்று ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு ஈர்க்குச்சியைக்கூட விடாமல் பிரித்தார்கள். விளைநிலத்தில் மேற்குக் காடு அண்ணன் சரவணமுத்துவுக்கு, கிழக்குக் காடு தம்பி வேல்முருகனுக்கு. தென்னைகளை எண்ணிச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கிணறு பொது, தண்ணீருக்கு முறை, ஒரு நாள் அண்ணனுக்கு, மறுநாள் தம்பிக்கு. பழைய ஆட்டுக்கல்லுக்குக்கூட ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு சங்கதிகள் மட்டும் விட்டுப்போயின. ஒன்று, வீட்டுக்கு வரும் நெட். அதை யாரும் நினைக்கவே இல்லை. மற்றொன்று, இரண்டு வீட்டுக்கும் நடுவில் கல்லை வைத்து மூடிக் கிடந்த வறண்ட போர்வெல். அதை எல்லோருமே நினைத்தார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை.

சண்டையே அந்தப் போர்வெல்லால் வந்ததுதான். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து நீரோட்டம் பார்த்த ஆள், இந்த இடத்தில் தண்ணீர் கொட்டும் என்றான். சரவணமுத்து நம்பினார். வேல்முருகன் வேண்டாம் என்றான். "நான் சொல்றேன் வேலு, தண்ணி உண்டு" என்று அண்ணன் அடித்துச் சொன்னார். ரிக் வண்டி வந்து ஆயிரத்து இருநூறு அடி இறங்கியது. வந்ததெல்லாம் வெள்ளைப் புழுதி. அந்தப் புழுதி அடங்குவதற்குள் ஒரு வார்த்தை போய் இன்னொரு வார்த்தை வந்து, கடைசியில் அண்ணன் தம்பிக்குள் பேச்சே நின்றுபோனது. புதுச்சத்திரம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. கோடை வந்தால் எந்தக் குடும்பத்தில்தான் போர்வெல் பேச்சு வராமல் இருக்கிறது?

வேல்முருகனின் மனைவி சௌந்தர்யாவுக்கு இந்தச் சண்டையில் வேலையே இல்லை. அவளுக்கு வேலை பெங்களூரில். அதாவது கம்பெனி பெங்களூரில். அவள் மாடி அறையில் உட்கார்ந்து ஆயிரம் பேருடைய சம்பளக் கணக்கைச் சரிபார்ப்பாள். திருச்செங்கோட்டில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சம்பளக் கணக்குப் பார்க்கிறாளே என்று யாராவது கேட்டால், "படிச்சது எங்கயும் போயிறாதுங்க" என்று சிரிப்பாள். புருஷன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. ஒரே மகள் பாதி நாள் பெரியம்மா வீட்டில்தான் இருப்பாள். ஆண்கள் பேசாவிட்டால் என்ன, சௌந்தர்யாவும் அவளுடைய ஓரகத்தி, சரவணமுத்துவின் மனைவி கலைமணியும் குழம்பு மாற்றிக்கொள்வதை யாரும் நிறுத்தவில்லை.

நெட் பெட்டி இருந்தது அண்ணன் வீட்டில். ஒன்றாக இருந்த காலத்தில் வாங்கியது. அங்கிருந்து ஒரு கறுப்பு வயர் மொட்டை மாடிச் சுவரைத் தாண்டி, வறண்ட போர்வெல்லுக்கு மேலே அந்தரத்தில் ஓடி, சௌந்தர்யாவின் மாடி அறைக்குள் நுழைந்தது. தனி இணைப்புக் கேட்டால் லைன்காரர், "கம்பத்துப் பெட்டியில இடமில்லைங்க" என்பதைப் பாட்டாகவே பாடினார். நடுவில் இருக்கும் வயரையாவது மின்சாரம் கடத்தாத ஃபைபராக மாற்றலாம் என்றால், அதை ஒட்டித் தருகிற ஆள் சேலத்திலிருந்து வரவேண்டும். "வாரேனுங்க" என்பார், வரமாட்டார். போன் டவரை நம்பலாம் என்றால் இரண்டு தூறல் விழுந்ததும் அது படுத்துவிடும்.

சித்திரையில் கோடை மழை தொடங்கியது. முதல் பெரிய இடிக்கு அவளுடைய ரவுட்டர் கருகியது. புதிதாக வாங்கி வைத்ததும் கருகியது. கருகாத நாளில் வேறொரு கூத்து: எங்கோ தூரத்தில் உறுமல் கேட்டாலே லைன் செத்துவிடும், மழை விட்டதும் தானாக உயிர் வந்துவிடும்.

"அண்ணன்தான் வயரப் புடுங்கி உடறாரு. வேறென்ன?" என்றான் வேல்முருகன்.

"அவிய எதுக்குங்க அப்புடிச் செய்யோணும்?"

"நாம நல்லாயிருக்கறது பொறுக்கல."

சௌந்தர்யா அதை முழுதாக நம்பவில்லை, முழுதாகத் தள்ளவும் இல்லை. ஒரு நாள் மீட்டிங் நடுவில் மூன்றாவது முறையாக அவள் காணாமல் போனதும், மேனேஜர் தமிழரசு மறுநாள் கூப்பிட்டு அமைதியாகச் சொன்னார்: "உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா ஆளே பாதியில காணாமப் போனா நான் மேல என்ன சொல்றது? ஆடிட் மீட்டிங்லயும் இப்படி ஆச்சுன்னா, நீங்க இங்கயே வந்து உக்காந்துருங்க." பெங்களூர் என்றால் ஹாஸ்டல். வேலு இங்கே, குழந்தை இங்கே, அவள் அங்கே. போனை வைத்த சௌந்தர்யாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மேலே போகிற மின்னலுக்குப் பயந்து குடும்பத்தை இரண்டாக்குவதா? படித்த படிப்பைக் கையில் எடுத்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது புருஷனுக்குப் பாடம் நடந்தது. "மின்னலு நம்ம ஊட்டு மேல உழுகோணும்னு இல்லீங்க. பக்கத்துல எங்க உழுந்தாலும் மண்ணுக்குள்ள கரண்ட் பாயும். அவிய ஊட்டு எர்த்து வேற, நம்ம ஊட்டு எர்த்து வேற. மேட்டு வயலுக்கும் பள்ளத்து வயலுக்கும் நடுவுல ஒரே ஒரு சின்ன வாய்க்கா வெட்டி உட்டா என்னாகும்? மேட்டுத் தண்ணி மொத்தமும் அதுக்குள்ளதான் பாயும். அந்த வாய்க்காதான் நம்ம நெட் வயரு. ரெண்டு முனையிலயும் ஒரு சர்ஜ் பெட்டி வெக்கோணும். அது அதிகப்படி கரண்ட மண்ணுக்குத் தள்ளிரும். ஆனா ரெண்டு ஊட்டு எர்த்தையும் தடிக்கம்பியில ஒண்ணாச் சேத்தாத்தான் அதுக்கு வேலை."

வேல்முருகன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "அவிய எர்த்துல நம்ம கம்பியா? ஆகாது."

அந்தப் பக்கமும் பதில் இதேதான். "அவனூட்டு ஷாக்கு எங்கூட்டுக்கு வரோணுமா?" என்று சரவணமுத்து கேட்டதாகக் கலைமணி சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். பேசாத அண்ணன் தம்பிக்குள் இவ்வளவு ஒற்றுமை இருப்பதைப் பார்த்துச் சௌந்தர்யாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை மாடியில் துணி காயப்போடும்போது கீழே பார்த்தாள். கல்லுக்கு அடியில் வறண்ட போர்வெல்லின் இரும்பு கேசிங் பைப் ஒரு சாண் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு அடிக் குழியில் மேல் நாற்பதடிக்கும் இரும்புதான். மண்ணுக்குள் நாற்பதடி இரும்பு! இதைவிட நல்ல எர்த் எங்கே கிடைக்கும்? பாகத்தில் யாருக்கும் எழுதாத சொத்து. யாருடைய எர்த்தையும் யாரும் தொடவேண்டாம். இரண்டு வீட்டுக் கம்பியும் அதில் வந்து சேரட்டும்.

"அக்கா, அந்தப் போரு யாருதுங்க?" என்று கைப்பிடிச் சுவரிலிருந்தே கத்தினாள்.

"அது ஆருக்கு வேணும்?" என்றாள் கீழே சாணி அள்ளிக்கொண்டிருந்த கலைமணி.

"எனக்கு வேணும்."

யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் அது என்னுடையது என்று சொன்னதாக ஆகிவிடுமே! எலக்ட்ரீஷியன் சென்றாயன் வந்தார். இரண்டு வீட்டிலிருந்தும் வாய்க்கால் பறித்து, தகரப்பட்டைபோல் அகலமான இரும்புப் பட்டையைப் புதைத்துக் கேசிங் பைப்போடு இறுக்கினார். பைப்பைச் சுற்றிக் குழி தோண்டி, ஈரம் நிற்கக் கரியும் உப்பும் கொட்டி, தண்ணீர் ஊற்றக் குழியின் வாயை மட்டும் திறந்து வைத்தார். இரண்டு வீட்டிலும் வயர் நுழையும் இடத்தில் சர்ஜ் பெட்டி உட்கார்ந்தது. சௌந்தர்யா ஒவ்வொரு போல்ட்டையும் தானே ஒரு முறை ஆட்டிப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. "இனி எந்த இடி வேணாலும் வரட்டும்" என்று கையைத் தட்டிக்கொண்டாள். "மாமாகிட்டச் சொல்லிருங்க அக்கா, இனிமே இடிக்குப் பயமில்ல."

"சொல்றேன். கேக்கோணுமே!" என்றாள் கலைமணி.

ஆடிட் மீட்டிங் ஒரு மத்தியானம். பெங்களூரில் ஆடிட்டர்கள், மேனேஜர், அவருக்கு மேலே ஒருவர் என்று திரை நிறைய முகங்கள். சௌந்தர்யா கணக்கை விரித்து வைத்துக் கடகடவென்று சொல்லிக்கொண்டு போனாள். ஜன்னலுக்கு வெளியே கொல்லிமலைப் பக்கம் மையிருட்டாகக் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, பயமில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள். மலைமேல் ஓர் உறுமல். திரையில் முகங்கள் அப்படியே உறைந்து நின்றன. லைன் போய்விட்டது.

ரவுட்டரைப் பார்த்தாள். கருகவில்லை, எல்லா விளக்கும் எரிந்தது, வயர் விளக்கு மட்டும் இல்லை. அப்படியென்றால் அந்த முனையில் யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். வேலு சொன்னதுதான் சரி. செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி, போர்வெல்லைத் தாண்டி, பாகம் பிரித்த நாளிலிருந்து பின்வாசல் வழியாகவே போய்வந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாகவே நுழைந்தாள்.

நெட் பெட்டிக்கு முன்னால் ஒரு மரப்பலகை. அதன்மேல் ரப்பர் செருப்போடு சரவணமுத்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் துண்டைச் சுற்றி அதில் பிடுங்கிய வயரைப் பிடித்திருந்தார்.

"எதுக்குங்க மாமா புடுங்குனீங்க?" கேட்ட குரல் அவளுக்கே சத்தமாகப் பட்டது. மச்சாண்டாரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

அவர் திகைத்துப் போனார். "இடி இடிக்குதல்ல அம்முணி. உன்ற மிசினு போயிருமே! நான் காட்டுல இருந்தப்ப ரெண்டு தடவ கருகிப் போச்சுன்னு கலை சொன்னா. அதுல இருந்து வானங் கறுத்தா ஊட்டுக்கு ஓடியாந்துருவேன்."

சௌந்தர்யாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பொறாமை என்றானே வேலு, இந்த மனுஷன் அவளுடைய இரண்டு காசு ரவுட்டருக்காக மின்னலில் வெறுங்காட்டிலிருந்து ஓடிவந்து வயரைக் கையில் பிடித்திருக்கிறார். அப்போதுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது.

"ஐயோ, அதக் கீழ போடுங்க மாமா! இடி இடிக்கறப்ப அந்த வயரத் தொடவே கூடாதுங்க. உங்க உசுரு போயிருக்கும்!"

"பலகை மேலதான நிக்கறேன்" என்றார், குற்றம் செய்த பிள்ளைபோல. வயரைக் கீழே போட்டார்.

"அக்கா சொல்லலீங்களா? அந்தப் போருல எர்த்துப் போட்டிருக்குது. இனிமே ஒண்ணும் ஆகாதுங்க."

சரவணமுத்து ஜன்னல் வழியாக அந்தக் கல்லைப் பார்த்தார். "சொன்னா. நாந்தான் நம்பல. அந்தப் போர நம்பி ஒருக்காக் கெட்டது போதும் சாமி. அத நம்பித்தான என்ற தம்பியே எங்கூடப் பேசாமப் போயிட்டான்."

சௌந்தர்யாவும் அந்தக் கல்லைப் பார்த்தாள். ஆனால் அங்கே பெங்களூரில் உறைந்த முகங்கள் காத்திருந்தன. அழ நேரமில்லை.

"தண்ணிக்குத்தானுங்க மாமா அது ஏமாத்துச்சு. மின்னலுக்குத் தண்ணி எதுக்கு? இரும்பு போதும். உள்ள நாப்பதடி இரும்பு இருக்குது. என்னைய நம்புங்க. நான் படிச்சதே இதுதானுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. இடி இன்னும் மலையைத் தாண்டவில்லை, சொருக நேரமிருந்தது. "புடுங்குனவனே சொருகிப்போடறேன்" என்று குனிந்து வயரைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. "நவுந்து உக்காருங்க, இனிமே அதுகிட்டப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சௌந்தர்யா மழைக்குள் ஓடினாள்.

நனைந்த தலையோடு திரைக்கு வந்தாள். "மன்னிக்கணும், திரும்பவும் அதே பக்கத்துல இருந்து ஆரம்பிக்கறேன்" என்றாள். தமிழரசுவின் முகம் இறுகியிருந்தது. பாதிக் கணக்குப் போயிருக்கும்போது உலகமே வெளுத்தது. அந்த நொடியிலேயே இடி. கிணற்றோரத் தென்னையின் குருத்து பற்றிக்கொண்டு புகைந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. கரண்ட் போய் இரண்டு வீட்டு இன்வெர்ட்டர்களும் கீச்சிட்டன. திரையில் முகங்கள் அசைந்துகொண்டே இருந்தன.

"என்னம்மா அது சத்தம்?" என்றார் மேலதிகாரி பதறிப்போய்.

"இடிங்க சார். மரத்துல உழுந்துருக்குது. அடுத்த பக்கம் போலாங்களா?"

கணக்கு முடிந்தது. ஆடிட்டர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் தமிழரசு, "உங்க தலைமேல இடி விழுந்தும் லைன் போகலையே! அங்கயே இருங்கம்மா" என்றார். சௌந்தர்யா லேப்டாப்பை மூடிவிட்டு, ஈரத்தலையைத் துவட்டாமல் கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வேல்முருகன் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னாள். பலகையைச் சொன்னாள், ரப்பர் செருப்பைச் சொன்னாள், கையில் சுற்றிய துண்டைச் சொன்னாள். தம்பியைப் பற்றி அவர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். அவன் "ம்" என்றான். ஆனால் டீ ஆறிப்போகும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான்.

மழை ஓய்ந்து வெயில் கொளுத்தத் தொடங்கியது. கரிக்குழி காயக்கூடாது, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று கலைமணியிடம் சௌந்தர்யா சொல்லியிருந்தாள். ஒரு நாள் விடிந்தபோது மாடியிலிருந்து பார்த்தால், தண்ணீர் ஊற்றுவது சரவணமுத்து. பல் துலக்கிக்கொண்டே வேல்முருகனும் பார்த்தான்.

"போருலருந்து தண்ணி எடுக்கறதத்தான் பாத்துருக்கறோம். போருக்குத் தண்ணி ஊத்தற ஊடு நம்முளுதுதான்" என்றான்.

அதற்கடுத்த நாள் அவன் சீக்கிரமே எழுந்தான். குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். சௌந்தர்யா கைப்பிடிச் சுவருக்கு ஓடினாள். அவன் போய்ச் சேரும்போது அண்ணனும் ஒரு குடத்தோடு வந்துவிட்டார். போர்வெல்லின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நின்றார்கள். யாரும் குனியவில்லை. தென்னையில் ஒரு காக்கை கத்தி ஓய்ந்தது.

"இன்னிக்கு என்ற முறை" என்றார் சரவணமுத்து.

"அப்ப நாளைக்கு என்றதுங்களாண்ணா?"

"ஆமா. மறந்துறாத."

அண்ணன் குனிந்து ஊற்றினார். கடைசிச் சொட்டு இறங்கும்வரை தம்பி நின்று பார்த்தான். பிறகு நிறைந்த குடத்தோடு அப்படியே படியேறி வந்து இறக்கி வைத்தான்.

"நாளைக்கு நம்ம முறையாமா" என்றான். "காலைல எழுப்பி உடு."