நான்காம் பட்டையைக் கட்டியிருந்தவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை செய்தியாகத்தான் பிறந்தது; எழுதிய நிருபன் நான். 'பத்து நிமிட ஓய்வு போதும்: பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டுபிடிப்பு.' மூன்று பத்தி, ஒரு படம். படத்தில் சுகிர்தா, கையில் ஒரு கறுப்புப் பட்டை. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் உலை முன்னால் நிற்பவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள அவள் செய்தது. உடம்புச் சூடு எல்லை தாண்டினால் கூவும். கூவினால் சூப்பர்வைசர் உட்கார விட வேண்டும்.

தலைப்பு நான் வைத்தது.*

(* அவள் சொன்னது: "போதும்போலத் தெரியுது சார், இன்னும் பாக்கணும்." அவ்வளவும் தலைப்பில் அடங்காது.)

2

சுகிர்தா தனிமையானவள்— (வேண்டாம். சொன்னால் ஆயிற்றா?)

எளாவூரில் பிறந்த சுகிர்தா சிறு வயது முதலே— (இது மறுபடியும் செய்தி. தொழில் புத்தி விடுகிறதா பாருங்கள்.)

பார்த்ததைச் சொல்கிறேன். அவளுடைய ஆய்வகத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதை எனக்குக் கொடுத்துவிட்டு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது, "மூணு வருஷத்துல இவ்ளோ நேரம் யாரும் கேட்டதில்ல சார்" என்றாள். என்னிடமும் யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. பொன்னேரியில் என் அறைக்குத் திரும்பியதும் அதை யாரிடமாவது சொல்லத் தோன்றியது. ஆள் இல்லை.

3

செய்தி வந்த மறுநாள் பேப்பரோடு ஆலைக்குப் போயிருக்கிறாள். மாலையில் போனில் என்னிடம் சொன்னது இது.

மூன்று மாதம் முன்பு ஆலைக்குக் கொடுத்த ஏழு பட்டைகளில் நான்காம் எண் சின்னதுரை என்பவருக்குக் கொடுத்தது. ஒரே நாளில் பன்னிரண்டு முறை சூடேறி, ஒவ்வொரு முறையும் பத்தே நிமிடத்தில் தணிந்த உடம்பு. அவளுடைய முடிவே அந்த உடம்பை நம்பித்தான். பேப்பரைப் பார்த்து அவர் சிரித்தாராம்.

"இன்னா மா, ஒரே ஆளுன்னு போட்டுக்கீறாங்க? யாருக்குத் தல சுத்துதோ அவன் கையில கட்டிவுட்ருவோம். கூவும், குந்த உடுவாங்க. பத்து நிமிஷத்துல கழட்டி என்கையில குடுத்துருவான்."

"மூணு மாசமாவாண்ணா?"

"பின்ன? ஏழு பட்டை, நாப்பது பேரு. உன் புண்ணியத்துல அல்லாரும் குந்திக்கினோம்."

தணிந்தது உடம்பு இல்லை. கைதான் மாறியிருக்கிறது.

அவருக்குப் பின்னால் சுவரில் என் செய்தி ஒட்டியிருந்தது. அதன் கீழே நிர்வாகத்தின் அறிவிப்பு: அரை மணி நேரமாக இருந்த மதிய ஓய்வு, அன்று முதல் பத்து நிமிடம்.

"உண்மைய சொன்னா, மாத்திக் கட்டுனது தெரிஞ்சிரும் சார். எல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க, நாளைக்கே வெளிய அனுப்பிருவாங்க. சொல்லலன்னா யாராச்சும் வுழுந்துருவாங்க. இன்னா சார் பண்றது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று சுகிர்தாவிடம் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

4

முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள். ஏழாம் பக்கத்தில் நாலு வரி வருகிறது. சின்னதுரைக்கு வேலை போகிறது.

முடிவு ஆ: வாய் திறக்கவில்லை. அவளுக்கு டாக்டர் பட்டம். உலை முன்னால் ஒருவர்— (எழுத வரவில்லை.)

முடிவு இ: பட்டையே பழுது என்று பொய் சொல்கிறாள். ஏழையும் திருப்பி அனுப்புகிறார்கள். அப்புறம் யாருக்காகவும் எதுவும் கூவாது.

இன்னொன்றும் உண்டு. 'போதும் என்று ஆய்வாளர் சொல்லவில்லை; அது நிருபரின் தவறு' என்று திருத்தம் போடலாம். அதில் சின்னதுரை வரமாட்டார், சுகிர்தாவும் மாட்டமாட்டாள். என் பெயர் மட்டும் வரும். மூன்று தடவை எழுதி அழித்தேன். எனக்குப் பயம். பிறகுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

5

நேற்று சுகிர்தா வாட்ஸ்அப்பில் அனுப்பியது: 'சார், இருக்கீங்களா?'

நீல டிக் விழுந்துவிட்டது. நான் படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது நீங்களும் படித்துவிட்டீர்கள்.