பெல்ட் இல்லாத தோல் கடை

அந்தத் தோல் கடையில் பை உண்டு, பர்ஸ் உண்டு, செருப்பில் பத்து ரகம் உண்டு. பெல்ட் மட்டும் கிடையாது. யார் கேட்டாலும் கடைக்காரர், "இப்பத்தான் தீர்ந்துச்சு சார், பர்ஸ் பாருங்க" என்பார். இருபது வருஷமாக அது இப்பத்தான் தீர்ந்துகொண்டிருந்தது.

பெல்ட் கொக்கியின் சத்தம் கேட்டாலே அவருக்கு முதுகு விறைத்துவிடும். சின்ன வயதில் அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் சத்தம் அது. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்டா" என்பது அப்பாவின் வேதம். இதைக் கடைக்காரர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கோபம் மட்டும் சொல்லாமல் வந்துபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் புதுப் பையின் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். அவர் கத்திக்கொண்டே கையை ஓங்கினார். எட்டு வயதுப் பிள்ளை தலையைப் பொத்திக்கொண்டு முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தது. அந்த வயதில் அவர் சுருண்டுகொண்ட அதே மாதிரி. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"இன்னிக்கு நின்னுச்சு. போன மாசம் நிக்கல. நாளைக்கு?" என்றாள் மனைவி. மறுநாளே மனநல ஆலோசகரிடம் இழுத்துப் போனாள்.

ஆலோசகர் அம்மா எல்லாம் கேட்டுவிட்டு வழி சொன்னார். கடைக்காரர் பழக்க தோஷத்தில் பேரத்தில் இறங்கினார்.

"பேசணும், மூச்சுப் பயிற்சி, நடை, களிமண் பிசையறது, குடும்பத்தோட வந்து உக்காந்து பேசணும்... ஒரு வலிக்கு இத்தனையா மேடம்? ரெண்டைக் குறைங்க."

"அடி முதுகுல மட்டுமா விழுந்துச்சு? தூக்கத்துல, கோபத்துல, பிள்ளைகிட்ட பேசற பேச்சுல எல்லாம் விழுந்திருக்கு. மருந்தை மட்டும் ஒரே இடத்துல போடச் சொல்றீங்களே!"

"சரி, மூணு வாரத்துல முடியுமா?"

"எத்தனை வருஷம் அடி வாங்குனீங்க?"

"பத்து."

"நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க."

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் பேரத்தில் தோற்றார்.

களிமண்ணில் குதிரை செய்தார். மகள், "நல்லாருக்குப்பா, எருமை" என்றாள். மூவரும் சிரித்தார்கள். ஐந்தாம் மாதம் மனைவியிடம் பெல்ட் கதையைச் சொல்லி முடித்தார், அழுதார், அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். அடுத்த மாதம் கடையில் ஆறு பெல்ட்டுகள் தொங்கின.

பெல்ட் கேட்டு வந்த முதல் ஆள் ஒன்றை எடுத்து வீசிப் பார்த்தார். கொக்கி கிணுகிணுத்தது. கடைக்காரர் மூச்சை மெல்ல இழுத்துவிட்டார்.

"நல்ல கனம். வீட்டுல ஒரு வாலு இருக்கான், அவனுக்கும் ஆகும். அடியாத மாடு படியாதுல்ல?"

கடைக்காரர் பெல்ட்டை வாங்கி மறுபடி மாட்டினார்.

"இடுப்புக்குன்னா தர்றேன் சார், பிள்ளைக்குன்னா தரமாட்டேன். அடி வாங்குன பிள்ளை வளர்ந்துடுது, வாங்குன அடி உள்ளயே உக்காந்துக்குது. ஆத்தாம விட்டா அது அடுத்த பிள்ளை மேலதான் இறங்கும். எங்க வீட்டுல இறங்கிடுச்சு சார். பர்ஸ் பாருங்க."