எழுபத்தைந்து கிராம்

ஏழு மாதமாக எங்கள் வீட்டில் தண்ணீர்தான் எதிரி. என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு நான்கு மணி நேரம், ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்த்து டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். ஒரு நாளைக்குக் குடிக்க மூன்று டம்ளர், அவ்வளவுதான். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர், குழாய் சொட்டும் சத்தம் கேட்டாலே திரும்பிப் பார்க்கிறார். பார்க்கிற எனக்கும் நாக்கு வறண்டுபோகிறது.

எனக்குத் தபால் அலுவலகத்தில் பார்சல் நிறுக்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை தராசு முகத்தில்தான் விழிக்கிறேன். "உள்ளே ஒண்ணுமே இல்லைங்க, துணிதான்" என்று சத்தியம் செய்வார்கள். நிறுத்தால் ஆறு கிலோ இருக்கும். அதனால் ஆட்கள் பேச்சை நம்புவதில்லை, தராசு சொன்னால் நம்புவேன். இவர் எனக்கு வைத்த பேரே 'பார்சலம்மா'.

என்ன சாப்பிடலாம் என்று ஆஸ்பத்திரி டயட்டீஷியன் ஒரு தாள் கொடுத்திருந்தாள். படிப்பு முடித்து நேராக வேலைக்கு வந்த மாதிரி இருக்கும் சின்னப் பெண். 'ஆப்பிள் அல்லது பிளம்ஸ், நாளைக்கு எழுபத்தைந்து கிராம்' என்று அதில் இருந்தது. எழுபத்தைந்து கிராம் என்றால் ஒரே ஒரு பிளம்ஸ். நான் அதை எழுபத்தாறு ஆகவிட்டதில்லை. ஆனால் பழத்தை அறுத்தாலே சாறு கையில் வழியும். இதுவும் தண்ணீர்தானே, இதற்கு யார் கணக்கு வைப்பது என்று எனக்கு ஒரே உறுத்தல்.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். போகிற போக்கில் பழம் உலர்த்தும் மெஷின் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். ஐந்து தட்டு, அடியில் ஒரு விசிறி. அரை கிலோ பிளம்ஸைக் கொட்டை எடுத்து, நறுக்கி அடுக்கிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து நிறுத்தால் நூறு கிராம்கூட இல்லை. நானூறு கிராம் தண்ணீர் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே எழுபத்தைந்து கிராமைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கொடுக்கலாமே. சின்னச் சின்னப் பையில் போட்டு, எடையை எழுதி ஒட்டினேன். புத்தி எங்கே போகும்?

இவருக்கும் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு துண்டாக வாயில் அடக்கிக்கொண்டு, "நாள் பூரா இனிக்குது பார்சலம்மா" என்றார். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறுகிற நீர் எடையும் குறைந்தது. நர்ஸ் என்னைப் பாராட்டினாள். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பெருமை ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. நம் உடம்பில் மிஞ்சுகிற பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும். இவருக்கு அது உள்ளேயே தேங்கும். தேங்கினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அடுத்த மாதம் இன்னும் ஏறியது.

நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "வெளிய ஏதாவது சாப்பிடுறாராம்மா? மூணாவது மாசமும் ஏறினா காரணம் எழுதி மேல அனுப்பணும். சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்லைன்னு எழுதிட்டா, மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துருவாங்க."

அந்தப் பட்டியலை நம்பித்தான் நாங்கள் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் கிராம் கிராமாக நிறுத்துக் கொடுக்க, இவர் திருட்டுத் தீனியா தின்கிறார்? சட்டைப் பையைத் துழாவினேன். வாயை முகர்ந்து பார்த்தேன். தெருமுனை டீக்கடைக்காரரிடம் போய், "இவர் இங்க வந்தாரா?" என்று போலீஸ்காரி மாதிரி விசாரித்தேன்.

"நான் ஒண்ணும் திங்கலை. எத்தனை தடவைதான் சொல்றது?" என்று கத்தினார்.

"திருடன் என்னைக்கு ஒத்துக்கிட்டான்?" என்றேன். அதற்குப் பிறகு அவர் கத்தவும் இல்லை. பையைக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சண்டை போடக்கூட இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை.

மூன்றாவது மாதமும் ஏறியது. அன்று நான் லீவு போட்டுவிட்டு நாற்காலி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டயட்டீஷியன் படிவத்தோடு வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"நான்தாம்மா வெளிய சாப்பிட்டேன். வாழைப்பழம், தினமும் ரெண்டு. எழுதிக்கோ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கேட்டுக்கோங்க! நான் கேட்டப்போ திங்கவே இல்லைன்னு சாதிச்ச மனுஷன்! நான் எப்படிக் குடுக்கறேன்னு நீங்களே பாருங்க" என்று கைப்பையிலிருந்து அன்றைய பையை எடுத்து அவள் படிவத்தின் மேல் போட்டேன். என் யோக்கியத்தை நிரூபிக்கிற அவசரம்.

"அது எதுக்கு இப்ப? உள்ள வை" என்றார் இவர். ஊசி குத்தியிருந்த கையை அசைக்க முடியாமல் மற்றக் கையை நீட்டினார்.

அந்தப் பெண் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எத்தனை பழம்மா இருக்கு?"

"எழுபத்தஞ்சு கிராம். ஒட்டியிருக்கு பாருங்க."

"எடை இல்லம்மா. எத்தனை பழத்தை அறுத்தீங்க?"

"ஆறு… ஏழு இருக்கும்."

சொல்லி முடிக்கும்போதே, எழுபத்தைந்து கிராம் என்றால் ஒரே ஒரு பிளம்ஸ் என்று நான் போட்ட கணக்கு நினைவுக்கு வந்தது.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "காய வெச்சா தண்ணி போகும். விட்டமின் சியும் பெரும்பாலும் போயிடும். ஆனா சர்க்கரை, நார்ச்சத்து, பொட்டாசியம் எல்லாம் அப்படியே உள்ள தங்கிடும். மத்தவங்களுக்கு அது நல்லதுதான். இவருக்கு ஆகாது. ஒரு பழம் குடுக்க வேண்டிய இடத்துல ஏழு பழம் குடுத்திருக்கீங்க. தப்பு எங்க மேலயும் இருக்கு, தாள்ல இதைப் போட்டிருக்கணும்."

எதிரியைத் துரத்திவிட்டு, எமனை நடுவீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். மூன்று மாதம், தினமும், என் கையால். இவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"காலைலதான் தெரிஞ்சுது. நீ மருந்து வாங்கப் போனப்ப, காஞ்ச பழம் எனக்கு ஆகுமான்னு நர்ஸ்கிட்ட சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். வீட்ல இருக்கற பையெல்லாம் சத்தமில்லாமக் குப்பையில போட்டுரலாம்னு இருந்தேன். நீதான் அவசரக்குடுக்கை."

டயட்டீஷியன் படிவத்தை வைத்துக்கொண்டு விழித்தாள். அதில் 'கடைப்பிடித்தார்', 'கடைப்பிடிக்கவில்லை' என்று இரண்டே கட்டம்தான். "இதுல எப்படிம்மா போடறது?"

"கடைப்பிடித்தார்னு போடுங்க. வாழைப்பழம் எல்லாம் பொய். கீழே எழுதுங்க, உலர்ந்த பழம் குடுத்தது பொண்டாட்டின்னு. நான் கையெழுத்துப் போடறேன்."

"வேணாம், ஆயுசுக்கும் அது ஃபைல்ல கெடக்கும்" என்றார் இவர்.

"கெடக்கட்டும்."

தினமும் நூறு கையெழுத்துப் போடுகிற கை. இந்த ஒன்று மட்டும் கோணலாக விழுந்தது. பெயர் பட்டியலில் நிற்குமா என்று கேட்டேன். "டாக்டர்கிட்ட நானே பேசறேன்மா. அடுத்த மாசம் குறைஞ்சாகணும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் நகர்ந்தாள்.

நான் இவர் பக்கம் திரும்பினேன். "எதுக்கு அப்படி ஒரு பொய்? பேரே போயிருக்குமே!"

"போனா போகட்டும். சிறுநீரகம் கெடைக்கலேன்னா எனக்கு இந்த மெஷின் இருக்கு. நான்தான் இவரைக் கொன்னேன்னு உன் மனசுல ஒரு தடவை விழுந்துட்டா, அதைச் சுத்தம் பண்ண எங்க இருக்கு மெஷின்?"

அழுதேன். அடக்கிப் பார்த்தும் முடியவில்லை.

"மூணு மாசமாப் பழம் குடுத்ததை விடு" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "திருடன்னு சொன்னியே, அதுதான் தாங்கலை. அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேளு."

கேட்டேன். நர்ஸ், டயட்டீஷியன், பக்கத்து நாற்காலிக்காரர் எல்லோர் காதிலும் விழும்படியே கேட்டேன்.