நீலப் பல்லுறை

கீழே ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள், இன்னும் ஒருத்திதான் பாக்கி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே தையல்காரி அடுப்பில் தண்ணீர்க் குண்டானை ஏற்றினாள். அந்த ரக்பி கிளப்பின் மைதானத்து மண்ணுக்குள் நாலு வருஷத்தில் ஏழு பெண்பிள்ளைகள் போயிருந்தார்கள். மூடிக்கிடந்த சிமெண்ட் ஆலையின் பின்புறத் தரைதான் மைதானம். பிள்ளைகள் அறுபது, பூட்ஸ் இருபத்திரண்டு ஜோடி. பல்லுக்குப் போடும் ரப்பர் உறையைக்கூட ஒருத்தி ஆட்டத்தை விட்டதும் கொதிநீரில் போட்டு இளக்குவார்கள். அடுத்தவள் கடித்துத் தன் பல்லுக்கு அச்சாக்கிக்கொள்வாள். வேறு எந்தக் கிளப்பும் செய்யாத சிக்கனம் அது. இளக்குவது, ஜெர்ஸி தைப்பதோடு சேர்த்து, தையல்காரியின் வேலை.

நீல உறையை முதலில் கடித்தவளை எல்லோரும் இடி என்பார்கள். ஒரு ஆட்டத்தில் கிழக்கு எல்லைக்கோட்டருகே அவள் பந்தின்மேல் விழுந்தாள். அவள்மேல் பத்துப்பேர் விழுந்தார்கள். பத்துப்பேரும் எழுந்தார்கள். பந்து கிடந்தது, நீல உறை கிடந்தது, இடி இல்லை. நடுவர் கொஞ்சம் யோசித்துவிட்டு விசில் ஊதினார். நல்ல உறையைத் தூக்கி எறிய யாருக்கும் மனசு வரவில்லை. அடுத்து அதைக் கடித்தவள், அதுவரை பந்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்பவள், அச்சு அசலாக இடியைப் போலவே மோதினாள். ஆறு மாதத்தில் அதே இடத்தில் போனாள். இப்படியே ஏழு. கூடவே கோப்பைகள் வந்தன. கோப்பைகளின் பின்னால் விளக்கும் குடிநீர்க் குழாயும் வந்தன. போனவர்களின் அம்மாக்கள் ஞாயிறுதோறும் வந்து எல்லைக்கோட்டில் காதை வைத்துப் படுப்பார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கிறது, ஒரு குறையுமில்லை என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார்கள்.

தையல்காரியும் ஒருநாள் காதை வைத்தாள். ஸ்க்ரம் என்றால் எட்டுப்பேர் தோள் பிணைத்துத் தள்ள வேண்டும். உள்ளே ஏழு பேர் குனிந்து பிணைந்து, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் மகள் எட்டாம் நம்பர்.

இறுதி ஆட்டத்தன்று காலை, அவள் குண்டானை ஏற்றிய சற்று நேரத்தில், பஸ் ஓட்டும் கோச் டிபன் டப்பா மூடியில் நீல உறையை ஏந்தி வந்தான்.

"அக்கா, நம்ம பாப்பாவுக்கு இதைக் கொஞ்சம் இளக்கிக் குடுங்க."

"அவ உறையே நல்லாத்தானே உக்காந்திருக்கு?"

"ஜெயிச்சா ஆலைக்காரங்க இந்த இடத்தை நமக்கே எழுதித் தர்றாங்கக்கா. தோத்தா அறுபது புள்ளைங்களும் ரோட்டுல." அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

"குடேம்மா," என்றாள் மகள். "எல்லாரும் வாயில வச்சதுதானே? நீ மட்டும் ஏன் சீன் போடுற?"

ஆறு தடவை இதை இளக்கிக் கொடுத்தவள் அவள்தான். ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது ஒருதடவைகூடத் தயங்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. குண்டானில் தண்ணீர் தளதளத்து, மூடி குதித்தது.

"தண்ணி கொதிக்கல தம்பி."

"என்னக்கா, மூடி இந்தக் குதி குதிக்குது!" மூடியைத் தொட்ட கோச் விரலை உதறினான்.

அவள் மூடியை எடுத்து வைத்துவிட்டு, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டாள். குமிழிகள் விரல்களைச் சுற்றி எழுந்து உடைந்தன. ஒரு டீ குடிக்கும் நேரம் வைத்திருந்து எடுத்தாள். கை சிவக்கவில்லை.

"பச்சத்தண்ணி," என்றாள்.

கோச் சுட்ட விரலை ஊதியபடி குண்டானைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். "எப்பக்கா கொதிக்கும்?"

"இது கொதிக்காது தம்பி," என்று சொல்லிவிட்டு, மகளின் கிழிந்த காலரைத் தைக்க ஊசியில் நூல் கோத்தாள்.