மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அவனுக்கு, அந்தச் சனிக்கிழமை உலகத்தில் எல்லாரும் முட்டாள்களாகவே தெரிந்தார்கள். அதில் முதலாளிக்கு முதலிடம். மூன்று வாடிக்கையாளர்களிடம் "இந்த பவரை எழுதின டாக்டருக்கே கண்ணு சரியில்ல" என்று அவன் சொல்லி அனுப்பியதற்கு, முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாயங்காலமே அவர் முகத்தில் வேலையை விட்டெறிந்துவிட வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு வேலைகளை அப்படி எறிந்தவன். இந்த வேலைக்காக அக்கா ஏறி இறங்காத படி இல்லை. அதையெல்லாம் இப்போது யார் நினைக்கிறார்கள்?

அதற்குள் இந்தக் கூத்து வேறு. பிசியோதெரபி நிலையத்தின் மாடியில், மனசு ஒரேயடியாகப் பொங்குவதும் ஒரேயடியாகச் சரிவதுமான பைபோலார் நோய் உள்ள இளவட்டங்கள் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். எதைச் செய்தால் மனசு நிலையாக இருக்கிறது என்று தேடிப் படித்து, தங்கள் மேலேயே சோதித்து, புதிதாக நோய் தெரிந்தவர்களுக்குச் சின்னப் புத்தகம் போடப்போகிறார்களாம். பெரிய மேதாவிகள். அந்த எட்டில் ஒருவனாக அவனும் ஆறு மாதமாக வருகிறான். இத்தனை நாள் எப்படிப் பொறுத்தான் என்று அவனுக்கே விளங்கவில்லை.

வட்டத்தில் இருந்த கூரியர்காரன் முதலில் ஆரம்பித்தான். "ரெண்டு வாரமா காலையில பச்சத் தண்ணியிலதான் குளிக்கிறேன். பதட்டம் கொறஞ்சிருக்கு."

"சளி?" என்றான் இவன்.

"அது புடிச்சிருக்கு."

"அதையும் புத்தகத்துல போடு."

அடுத்து, கல்லூரியில் படிக்கும் ஒருத்தி தன் தூக்க அட்டையை விரித்தாள். கலர் கலராகக் கட்டங்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் பார்த்தால் நட்சத்திரம் போட்டிருப்பார். "ஒரே நேரத்துக்குப் படுத்து ஒரே நேரத்துக்கு எழுந்திரிக்கிறேன். மூணு மாசமா மனசுல ஆட்டமே இல்ல" என்றாள். தூக்கம் வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு. அவன் இந்த வாரம் தினம் மூன்று மணி நேரம்தான் தூங்கினான். மூளை என்ன பளபளப்பாக இருக்கிறது!

கூட்டத்தை நடத்தும் நர்ஸிங் மாணவி ஒரு கட்டுச் சீட்டை எடுத்தாள். அவளுக்கும் இதே நோய்தான். "போன மாசம் மூணு கேள்விக்குப் பேர் போடாம எழுதிக் குடுத்தீங்கல்ல. இன்னிக்கு மூணாவது. ஏறப்போகுதுன்னு முதல்ல எத வச்சுத் தெரிஞ்சுக்குவீங்க?"

மனசு அளவுக்கு மீறிப் பொங்க ஆரம்பிப்பதை அவர்கள் 'ஏறுவது' என்பார்கள்.

"வீட்டு சாமானையெல்லாம் எடம் மாத்தி மாத்தி வைப்பேன்" என்று முதல் சீட்டைப் படித்தாள். இவன் கொட்டாவி விட்டான். அடுத்ததை எடுத்தாள்.

"கூட இருக்கிறவங்க எல்லாரும் மடையங்களாத் தெரிவாங்க. எனக்கு மட்டும்தான் எல்லாம் புரியுதுன்னு தோணும். அப்ப நான் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. எங்க அக்காவக் கூப்பிடுங்க."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எந்த மண்டு எழுதினது இது? மடையன் மடையனாத்தான் தெரிவான். அக்காவாம் அக்கா. தொட்டில்ல போட்டு ஆட்டச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸிங் மாணவி அவனையே பார்த்தாள். அவன் எழுந்து போய் அவள் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கினான்.

கடையில் லென்ஸ் கவர்களின் மேல் தினம் நாற்பது முறை அவன் எழுதுகிற அதே எழுத்து. சாய்வும் அதே சாய்வு.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அது வேற சமயம், இது வேற என்று வாதாட வாய் துடித்தது. சுற்றிலும் பார்த்தான். கொடுமை என்னவென்றால், படித்த பிறகும் அத்தனை பேரும் மடையர்களாகவே தெரிந்தார்கள். ஒருத்தர்கூடத் தேறவில்லை.

போனை எடுத்து நர்ஸிங் மாணவியிடம் நீட்டினான்.

"அக்கா வர்ற வரைக்கும் என்னைக் கடைப் பக்கம் விடாதீங்க" என்றான். "நீங்களே அவகிட்ட பேசுங்க. நான் பேசினா அவளையும் திட்டிடுவேன்."